கூட்டாஞ்சோறு சரி, சோறு யார் கொண்டு வருவது?

டிசம்பர் பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி விருந்து பற்றித்தான் இருக்கும். இந்த முறை ஒரே விஷயத்தைப் பல பேர் கேட்டிருக்கிறீர்கள்: ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வந்து கூட்டாளிகளோடு சேர்ந்து சாப்பிடும் பொட்லக். அதனால் மாமியார் சண்டை, மாடி வீட்டுத் தண்ணீர்க் கசிவு எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துப் பழகிய எட்டுக் குடும்பங்கள் நாங்கள், பிள்ளைகளோடு சேர்த்து 20 பேர். கிறிஸ்துமஸ் அன்று மதியம் எங்கள் கொண்டோ வீட்டில் சந்திக்கிறோம். போன வருடம் வாட்ஸ்அப்பில் "எதாவது கொண்டு வாங்க" என்று போட்டேன். மூன்று சட்டி மீஹூன் கோரெங், இரண்டு கேக், நான்கு பாக்கெட் கெரோப்போக், ஆறு பாட்டில் கோலா வந்து சேர்ந்தன. குழம்பு என்று ஒன்றுகூட இல்லை. இந்த வருடமும் என் வீட்டில்தான். எப்படித் திட்டமிடுவது? – செந்தூல் வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கூட்டாளிகள் மேல் தப்பில்லை. "எதாவது" என்று சொன்னால் மனிதர் என்ன யோசிப்பார்? செலவு கம்மியாக இருக்க வேண்டும், காரில் சிந்தக் கூடாது, ஆறினாலும் சாப்பிட முடிய வேண்டும், யாரும் குறை சொல்லக் கூடாது. இந்த நான்குக்கும் பொருந்துகிற ஒரே சாப்பாடு மீஹூன் கோரெங். நானாக இருந்தாலும் அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

சின்ன வயசில் தோட்டத்தில் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடுவோம். மூன்று கல் அடுப்பு, பழைய பால் டின்தான் சட்டி. ஆனால் அடுப்பு மூட்டும் முன்னாலேயே யார் வீட்டில் அரிசி, யார் வீட்டில் பருப்பு, உப்பு யார் எடுத்து வருவது என்று பேசி முடித்துவிட்டுத்தான் ஆளுக்கொரு லயத்துக்கு ஓடுவோம். ஏழு வயசில் தெரிந்த இந்த வேலை, கையில் போனும் அதில் ஒரு குழுவும் வந்த பிறகு நமக்கு மறந்துவிட்டது.

முதல் விஷயம், சோறு வீட்டுக்காரருடையது. இதில் பேரம் வேண்டாம். சோறு கனம், சூடாக இருந்தால்தான் சோறு, அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல குழம்பும் அநாதை. நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 1.8 லிட்டர் ரைஸ் குக்கரில் அதோடு வரும் கப்பால் பத்துக் கப் போடலாம், அது கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ அரிசி. மற்றப் பதார்த்தங்களும் இருக்கும்போது சின்னப் பிள்ளைகளைச் சேர்த்து 20 பேருக்கு அது தாராளம். வெள்ளைச் சோறாகவே இருக்கட்டும், நீங்கள் பிரியாணி செய்தால் சாம்பார் கொண்டு வந்தவர் முகம் வாடிப்போகும். சோற்றோடு தட்டு, தண்ணீர், கரண்டி, ஐஸ் பெட்டியில் காலி இடம், இவையும் உங்கள் கணக்கு.

மிச்சம் ஏழு வீடு. இங்கேதான் கொஞ்சம் ஆளைப் பார்த்துப் பேச வேண்டும். குழுவில் பட்டியல் போட்டு "பேரை எழுதுங்க" என்று விட்டால் முந்துகிறவர்கள் கெரோப்போக்கையும் குளிர்பானத்தையும் பிடித்துக்கொள்வார்கள், கடைசியில் வருகிறவர் தலையில் ஆட்டிறைச்சி விழும். அதற்குப் பதில் ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் போடுங்கள். "உங்க கோழிப் பிரட்டலை நினைச்சாலே பசிக்குது, அதைக் கொண்டு வாங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள், மறுக்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் கோழி, ஒரு வீட்டில் மீன் அல்லது இறால் சம்பால், ஒருவர் பருப்போ சாம்பாரோ தண்ணியாக ஒன்று, இரண்டு வீட்டில் காய், ஒரு வீட்டில் வடை மாதிரி கொறிக்க, ஒரு வீட்டில் இனிப்பு. ரசம் நன்றாக வைக்கிறவரிடம் கேக் கேட்காதீர்கள்.

யார் எத்தனை மணிக்கு வருவார் என்பதும் உங்களுக்குத் தெரியும், அதையும் கணக்கில் சேருங்கள். பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டுக்கே கதவைத் தட்டுகிற வீட்டுக்கு வடையைக் கொடுங்கள். எப்போதும் ஒன்றரைக்கு வந்து "ஜாம்" என்று சொல்கிற குடும்பத்துக்கு இனிப்பு. அவர்கள் நேரத்துக்கு வந்துவிட்டால் அது உங்கள் அதிர்ஷ்டம், வராவிட்டாலும் யாரும் பட்டினி இல்லை.

அளவில் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். இருபது பேர் என்று சொன்னதும் ஏழு வீட்டிலும் ஏழு அண்டா இருபது பேர் வயிறு நிறைய வரும். ஆளுக்கு இரண்டு கரண்டி வருகிற அளவு போதும் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். கோழி என்றால் ஒன்றரைக் கிலோவில் ஒரு முழுக் கோழி, கொஞ்சம் சின்னத் துண்டாக வெட்டினது, அவ்வளவுதான்.

இன்னொன்று, கொண்டு வருவது சட்டியைத் திறந்ததும் சாப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும். ஒரு வருடம் என் வீட்டுக்கு ஒரு தோழி மசாலா தடவின பச்சைக் கோழியோடு வந்து இறங்கினாள். "உன்கிட்ட ஓவன் இருக்கில்ல?" என்றாள். இருக்கிறது. அதற்குள் நான் கேக் தட்டு, வாணலி, பழைய குக்கர் மூடி எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பிவிட்டுக் கோழியை உள்ளே வைத்தபோது மணி ஒன்று. கோழி வெந்து வந்தபோது எல்லோரும் பாயசத்தில் இருந்தார்கள்.

சூடு காட்ட வேண்டியவர்கள் இருந்தால் அடுப்பில் ஒருவர் பின் ஒருவர்தான். ஒரே நீட்டு வயரில் ரைஸ் குக்கர், கேத்தல், மின்சாரச் சட்டி எல்லாவற்றையும் சொருகாதீர்கள். நம் சுவர் பிளக் 13 ஆம்பியர், மொத்தமாகச் சுமார் 3,000 வாட் தாங்கும், தண்ணீர்க் கேத்தல் ஒன்றே 2,000 வாட்டைத் தாண்டிவிடும். அப்புறம் கார்ட் ஹவுஸில் வண்டி நம்பர்களை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் பதிவுக்கு நிற்கிற கொடுமை வேண்டாம்.

கேள்வி: எங்கள் கூட்டத்தில் இரண்டு மலாய்த் தோழிகள், ஒரு சீன சைவர், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், இந்த வருடம் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் என் தம்பி, எல்லோரும் இருக்கிறோம். எல்லோருக்கும் பொதுவாக என்ன சமைப்பது? பேசாமல் எல்லாமே சைவமாக வைத்துவிடலாமா? – செராஸ் வாசகி

பதில்: வைக்கலாம், ஆனால் அது மட்டும் எல்லாப் பிரச்சினையையும் தீர்க்கும் என்று நினைக்காதீர்கள். கத்தரிக்காய்ச் சம்பாலைச் சைவம் என்று நினைத்து என் தோழி ஒருத்தி இரண்டு கரண்டி சாப்பிட்டு முடித்தாள். "பெலாச்சான் கொஞ்சம் தூக்கலா இருக்கோ?" என்று செய்தவரே பெருமையாகக் கேட்டார். அவள் கை அப்படியே தட்டில் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்தவர் மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெலாச்சான் இறால் என்பது நமக்குத் தெரியும், ஆனால் சமைக்கும்போது அது உப்பு மாதிரி கண்ணுக்குத் தெரியாத பொருளாகிவிடுகிறது. நெத்திலித் தூளும் அப்படித்தான், காய்கறியில் ஊற்றும் சிப்பிச் சாஸும் அப்படித்தான்.

சீன சைவர் என்றால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டுவிடுங்கள். புத்த மதத்து முறையில் சைவமாக இருப்பவர்களில் பலர் வெங்காயம், பூண்டு தொடமாட்டார்கள். நம் சாம்பாரில் சின்ன வெங்காயம்தான் உயிர். முட்டை, பால் விஷயமும் ஆளுக்கு ஆள் மாறும்.

மலாய்த் தோழிகள் விஷயத்தில் பன்றி இறைச்சி வேண்டாம் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். ஹலால் முறையில் அறுத்த கோழியா, எந்தச் சட்டியில் சமைத்தது, இதெல்லாமும் அவர்களுக்கு முக்கியம். பண்டிகைக் கேக்கில் பிராந்தி ஊற வைத்திருக்கலாம், கடை மார்ஷ்மெல்லோவில் இருக்கும் ஜெலட்டின் எந்த மிருகத்தினுடையது என்று தெரியாது, பாக்கெட்டில் அரசாங்கத்தின் ஜாக்கிம் ஹலால் முத்திரை இருந்தால்தான் நிம்மதி. அகார் அகார் கடல்பாசி, அதில் பயமில்லை. என் வழக்கத்தைச் சொல்கிறேன்: முன்கூட்டியே அவர்களிடமே கேட்டுவிடுவேன். "என் வீட்டுச் சட்டியில் சமைத்தது உனக்குப் பரவாயில்லையா, இல்லை ஒன்றிரண்டு பதார்த்தம் ஹலால் கடையில் சொல்லிவிடட்டுமா?" கேட்டால் மனம் புண்படும் என்று நாம் பயப்படுகிறோம், கேட்காமல் விட்டால்தான் புண்படும். அவர்களில் ஒருவர் ரெண்டாங் கொண்டு வருகிறேன் என்றால் மாடா கோழியா என்று கேட்டுக் கோழியில் செய்யச் சொல்லுங்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் அதற்குக்கூட உரிமை இல்லையா என்ன. பீர் வைப்பதாக இருந்தால் சாப்பாட்டு மேசையில் வேண்டாம்.

தம்பிக்குத் தனியாக எடுத்து வைப்பதுதான் சரி. கார்த்திகை பிறந்ததிலிருந்து மகர ஜோதி வரைக்கும் மாலைக்காரர்களுக்கு அசைவம் புழங்கும் பாத்திரமே ஆகாது. மேசையைத் திறக்கும் முன்பே அவருக்குச் சுத்தமான சட்டியிலிருந்து இலையில் பரிமாறிவிடுங்கள். தனியாக உட்காருகிறாரே என்று பாவம் பார்க்க வேண்டாம், முதல் வடை அவருக்குத்தான்.

மற்றபடி ஒரு சுருள் மாஸ்கிங் டேப்பும் ஒரு மார்க்கர் பேனாவும் போதும். ஒவ்வொரு மூடியிலும் என்ன பதார்த்தம், யார் செய்தது, இறால், முட்டை, கடலை இருக்கிறதா என்று ஒட்டுங்கள். கடலையை விட்டுவிடாதீர்கள். சாத்தே குழம்பிலும் ரோஜாக்கிலும் அது அரைபட்டுக் கிடக்கும், ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கண்ணால் பார்த்துத் தெரியாது.

கேள்வி: போன வருடம் ஒரு விருந்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. காலை ஏழு மணிக்குச் சமைத்த கோழிக் குருமா, சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பிட்டது. சூடு பண்ணித்தான் சாப்பிட்டோம். அப்படியும் எப்படி? – கெப்போங் வாசகர்

பதில்: சூடு பண்ணினால் எல்லாம் செத்துவிடும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை ஐயா. கிருமி சாகும்தான். ஆனால் சில கிருமிகள் சாவதற்கு முன் உணவிலேயே நஞ்சை விட்டுவிடும், அந்த நஞ்சில் சில வகை கொதிக்க வைத்தாலும் போகாது. சமைத்து மேசைமேல் விட்ட சோற்றில் வருவது இதில் பேர்போனது. அரிசியிலேயே இருக்கும் கிருமியின் வித்து கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும், சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும். போன வருடம் உங்கள் வீட்டில் நடந்தது இதுதானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் பதினொரு மணி நேரம் என்பது எந்தக் குருமாவுக்கும் அதிகம்.

சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள் என்று நம் சுகாதார அமைச்சு சொல்வது சும்மா இல்லை. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை கிருமிக்குக் கொண்டாட்டம், கோலாலம்பூர்ச் சமையலறை மதியத்தில் 30 டிகிரிக்கு மேல், மூடின சட்டிக்குள் கேட்கவே வேண்டாம். சாயங்கால விருந்து என்றால் மத்தியானம் சமையுங்கள். முடியாவிட்டால் முதல் நாளே சமைத்து, ஆழமில்லாத தட்டுகளில் பிரித்துச் சீக்கிரம் ஆற வைத்து ஐஸ் பெட்டியில் ஏற்றிவிடுங்கள், மறுநாள் ஆவி பறக்கக் கொதிக்க வைத்து எடுத்து வாருங்கள். பெரிய அண்டாவை அப்படியே உள்ளே தள்ளினால் ஓரம் குளிர்ந்து நடு மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். சாந்தான் ஊற்றின குழம்புக்கு இன்னும் அவசரம். நான் முதல் நாள் மசாலா வரைக்கும் முடித்துவிட்டு, தேங்காய்ப்பாலைச் சாப்பிடப் போகும்போதுதான் ஊற்றுவேன்.

மேசையில் வைத்ததை ராத்திரி வரை "யாராவது வருவாங்க" என்று திறந்தே விடாதீர்கள். வருகிறவருக்கு உள்ளே இருந்து எடுத்துச் சூடு பண்ணிக் கொடுத்தால் போகிறது.

கேள்வி: நான் பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறையில் இருக்கிறேன். சமையலறை கிடையாது, வீட்டுக்காரர் ரைஸ் குக்கர்கூட வைக்க விடமாட்டார். எல்லோரும் சமைத்துக் கொண்டு வரும்போது நான் மட்டும் கடையில் வாங்கிப் போக வெட்கமாக இருக்கிறது. போகாமலே இருந்துவிடலாமா? – பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு வடைக்கு வெட்கப்படுகிறீர்களே. இருபது வடை வாங்கிப் போங்கள், ஒரு மணி நேரத்தில் மீஹூன் இருக்கும், வடை இருக்காது. விடுமுறை நாள் என்பதால் கடை திறந்திருக்குமா என்று முதல் நாளே கேட்டுச் சொல்லிவைத்துவிடுங்கள்.

அதைவிடவும் ஒரு வேலை உண்டு: ஐஸ். எந்த விருந்திலும் யாரும் நினைக்காத பொருள் அதுதான், மூன்று மணிக்கு எல்லோரும் வெதுவெதுப்பான கோலாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இரண்டு பை ஐஸோடு நீங்கள் உள்ளே நுழையுங்கள். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீடு பெரியது என்பதால் ஒவ்வொரு வருடமும் இங்கேதான். பொட்லக் என்று பெயர், ஆனால் தட்டு, ஐஸ், அரிசி, குளிர்பானம் என்று எனக்கு மட்டும் 200 வெள்ளிக்கு மேல் ஆகிறது. பணம் கேட்கலாமா? "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட காசு கேப்பியா?" என்று கணவர் சத்தம் போடுகிறார். – செத்தாப்பாக் வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்வது தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குச் சரி. அங்கே நீங்கள் அழைக்கிறீர்கள், நீங்கள் செலவு செய்கிறீர்கள், வருகிறவர் முறுக்கைக் கடித்துவிட்டு வாழ்த்திவிட்டுப் போவார். பொட்லக்கில் எல்லோரும் வீட்டுக்காரர்கள்தான், இடம் மட்டும் உங்களுடையது. இரண்டையும் அவர் போட்டுக் குழப்புகிறார்.

கேட்கலாம், ஆனால் முன்னால் கேளுங்கள். விருந்து முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு குழுவில் கணக்கு வந்து விழுந்தால் சாப்பிட்டது தொண்டையில் நிற்கும். "தட்டு, ஐஸ், பானத்துக்கு வீட்டுக்குப் பத்து வெள்ளி, கியூஆர் இதோ" என்று இரண்டு வாரம் முன்பே ஒரு வரி போதும். அரிசிக்கு வாங்காதீர்கள், அது வீட்டுக்காரர் மரியாதை. ஏர்கோனுக்கும் வாங்காதீர்கள், அது உண்மையிலேயே கஞ்சத்தனம். யாராவது வேலை இல்லாமல் இருப்பது தெரிந்தால் அவரிடம் முன்பே தனியாக, "நீ ஒண்ணும் போடாதே, பாத்திரம் கழுவ மட்டும் நில்லு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

பணம் பேசப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் வேறு வீடு. சின்ன வீட்டில் இருபது பேர் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தாலும் சாப்பாடு இறங்கும்.

கேள்வி: விருந்துக்குக் கொண்டு போன என் டப்பாக்கள் திரும்பி வருவதே இல்லை. என்ன செய்யலாம்? – ஜாலான் ஈப்போ வாசகி

பதில்: நல்ல டப்பாவைக் கொண்டு போகாதீர்கள் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் எனக்கே மனசு கேட்காது. அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள், மூடியில் தனியாக எழுதுங்கள், ஏனென்றால் டப்பா ஒரு வீட்டுக்கும் மூடி வேறு வீட்டுக்கும் போகும். கிளம்பும்போது மிச்சத்தை வீட்டுக்காரர் தட்டில் மாற்றிவிட்டு உங்கள் பாத்திரத்தை நீங்களே கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கட்டிக்கொண்டு போக அட்டைப் பெட்டி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் பாலிஸ்திரின் டப்பாவில் சாப்பாடு கட்டித் தருவதைக் கோலாலம்பூரில் 2017-லேயே தடை செய்துவிட்டார்கள், நாமும் அதைத் தேடி அலைய வேண்டாம்.

எனக்கு ஒரு பச்சை மூடி டப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. யார் வீட்டில் இருக்கிறது என்றும் தெரியும். போன மாதம் அதே டப்பாவில் எனக்கு அச்சாரு கொடுத்து அனுப்பினாள். "டப்பாவை மறக்காமத் திருப்பிக் கொடுத்துடு" என்று சொல்லி.